தூசணத்துக்கு வகுத்த இடம்

விஜய் தொலைக்காட்சி 2017 ஜூன் மாத இறுதியில் ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியைத் தமிழில் ஒளிபரப்பத் தொடங்கியது. வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள் கோபத்தில் வாய்க்கு வந்தபடி திட்டிய இடங்களில் ‘பீப்’ ஒலி விழுந்து சொல்லை மூடியது. அந்த முதற் பருவத்திலேயே ஒரு போட்டியாளர் இன்னொருவரின் நடத்தையைச் ‘சேரி பிஹேவியர்’ என்று இகழ்ந்தார். அந்தப் பேச்சின் மேல் எந்த ஒலியும் விழவில்லை. தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. நிகழ்ச்சியை நடத்திய கமல்ஹாசனே பதில் சொல்ல வேண்டி வந்தது. கைதவறி நேரலையில் போய்விட்ட பேச்சல்ல இது. நாள் முழுக்கப் பதிவானதைச் சுருக்கி, எது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று தீர்மானித்த பிறகே அந்நிகழ்ச்சியை வெளியே விடுகிறார்கள். அப்படித் தீர்மானித்தவர்களுக்கு உடலுறுப்பைச் சொல்லும் சொல் ஆபத்தாகத் தெரிந்தது. ஒரு குடியிருப்பு மக்களையே இழிவுக்கு அளவுகோலாக்கிய சொல் ஆபத்தாகத் தெரியவில்லை.

மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தமிழ்நாட்டு அலைவரிசைகள் டிஷ் வழியாக வீடுகளுக்கு வருகின்றன. கொழும்பிலிருந்து வரும் தமிழ் அலைவரிசைகளும் அதே படங்களையும் அதே தொடர்களையும் வாங்கிப் போடுகின்றன. ஆகவே எந்தச் சொல்லை மூடுவது, யார் மூடுவது என்ற கேள்வி எங்களுக்கும் உரியது. இதுபற்றி நடக்கும் வாதத்தில் இரண்டு கட்சிகள்தான் பெரும்பாலும் பேசுகின்றன. பண்பாடு கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் வெட்டுங்கள் என்கிறது ஒன்று. கலைஞனின் சுதந்திரம், எதிலும் கைவைக்காதீர்கள் என்கிறது மற்றது. தூசணம் என்பது ஒன்றில் முற்றாக ஒழிய வேண்டும், இல்லாவிட்டால் எங்கும் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று இரண்டும் எண்ணுகின்றன. மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்கள் இதைவிடத் தெளிவான ஒரு வழியை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருந்தன. தூசணத்துக்கு ஓர் இடம், ஒரு காலம், ஒரு முடிவு என்று அவை வகுத்து வைத்தன. ஒளிபரப்புக்கு வேண்டியதும் அந்த வகுப்புத்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம். தடை என்னும் கடுமையான கருவியை, மனிதரை உண்மையாகவே காயப்படுத்தும் பேச்சுக்கு மாத்திரம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறியைப் பற்றித்தான் சொல்கிறேன். ஊர் வடசேரி வாரம், தென்சேரி வாரம் என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு கட்டி, இரு வாரத்தாரும் எதிரெதிரே நின்று இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும் வரை இழுவை நடக்கும். நோயும் வறட்சியும் நீங்க, அம்மனின் சினம் தணிய இதைச் செய்தார்கள். இந்த விளையாட்டின் உயிர் இழுவையில் மட்டும் இருக்கவில்லை. இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் ஏசிப் பாடும் வசைப் பாடல்கள் அதன் மறுபாதி. முறிந்த பக்கத்தாரின் மானத்தை வாங்கும் பாடல்கள் அவை. மற்ற நாட்களில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சொன்னால் வெட்டுக்குத்தில் முடியக்கூடிய பேச்செல்லாம் அங்கே பாட்டாக வந்தது. வி.சீ.கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ கொம்பு விளையாட்டை இந்த மண்ணின் வாழ்வில் வைத்துப் பதிவுசெய்த நூல். சிங்கள ஊர்களில் பத்தினித் தெய்வத்துக்கு ஆடப்படும் ‘அங்கெலிய’ இதே விளையாட்டு. அதில் பாடப்படும் ஆபாச வசையைப் பற்றிக் கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளிவந்த தமது பத்தினி வழிபாட்டு ஆய்வில் விரிவாக எழுதினார். அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர், 1681 இல் அச்சான தமது நூலில், கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் இவ்விளையாட்டைக் கண்டு முகஞ்சுளித்திருக்கிறார்.

இதில் நாம் பார்க்க வேண்டியது எல்லைகள் எப்படி அமைந்தன என்பதை. வசை பாடும் உரிமை எல்லா நாளும் இல்லை. சடங்குக் காலத்துக்கு மாத்திரம் உண்டு. எல்லா இடத்திலும் இல்லை. கொம்பு இழுக்கும் களத்தில் உண்டு. பாடுபவன் தன் சொந்தப் பகைக்காகப் பாடுவதில்லை, தன் வாரத்துக்காகப் பாடுகிறான். இவற்றையெல்லாம் விட முக்கியமானது அதற்கு ஒரு முடிவு இருந்தது என்பது. குளிர்த்தி பாடி அம்மனைக் குளிரச் செய்த பிறகு, வாரம் பார்க்காமல் மறுநாள் அதே வயலில் ஒன்றாக இறங்க வேண்டும். கேட்க விரும்பாதவர் விலகி நிற்கலாம், ஏனென்றால் களத்துக்குப் போனால் என்ன காதில் விழும் என்பது ஊரறிந்தது. முன்னறிவிப்பு, நேரம், இடம், எல்லை, முடிவு என்று இன்றைய ஒலிபரப்புச் சட்டங்கள் தேடும் அத்தனையும் அங்கே இருந்தன. வாய் கூசும் பேச்சு மனிதக் கூட்டத்தில் இருக்கத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்ட பிறகே அந்த எல்லைகளை வகுக்க முடிந்தது. இல்லையென்று மறுத்திருந்தால் வகுத்திருக்க முடியாது.

இந்த மரபைக் குற்றமற்றது என்று காட்டுவது என் நோக்கமல்ல. கொம்புக்களத்து வசை சில வேளைகளில் மெய்யான சண்டையாய் முற்றியதும் உண்டு. பாடியவர்கள் ஆண்கள், பாடலில் அகப்பட்டது பெரும்பாலும் பெண்ணின் உடல். வாரம் வாரமாக நின்றவர்களுக்கிடையே சாதிப் படிநிலையும் தன் இடத்தில் நின்றது. ஆகவே அந்தப் பாடல்களை அப்படியே தொலைக்காட்சியில் போடச் சொல்லவில்லை. அந்த ஊர்கள் எடுத்துக்கொண்ட முறையைத்தான் முன்வைக்கிறேன்: பேச்சின் தன்மை, அது எப்போது, எங்கே, யார் முன்னிலையில், எதற்காக வருகிறது என்பதைப் பொறுத்தது. சொல்லை மட்டும் தனியே பிய்த்தெடுத்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கம் வேறு வழியாக எங்களிடம் வந்தது.

அந்த வழி சட்டப் புத்தகத்தில் தெளிவாகவே தெரிகிறது. பிரித்தானியர் ஆண்ட இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசப் பாட்டுப் பாடுவதைக் குற்றமாக்கியது. 1912 ஆம் ஆண்டின் பகிரங்கக் காட்சிகள் பற்றிய கட்டளைச் சட்டம் நாடகத்தையும் பின்னர் சினிமாவையும் அரச அனுமதிக்குக் கீழே கொண்டுவந்தது. நாடகப் பிரதியை முன்கூட்டியே காட்டி அனுமதி பெறும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. 1927 இல் ஆபாச வெளியீடுகள் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1982 ஆம் ஆண்டின் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டம், நல்ல ரசனைக்கும் பண்புக்கும் பங்கம் விளைவிக்கும் எதுவும் ஒளிபரப்பாகாமல் பார்ப்பதைக் கூட்டுத்தாபனத்தின் கடமையாக வைத்தது. இந்த வாசகம் பிரித்தானியாவின் 1954 ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிச் சட்டத்தில் இருந்ததன் மறுபதிப்புப் போன்றது. பிரித்தானியர் அதோடு நின்றுவிடவில்லை. 1964 அளவில் இரவு 9 மணியை எல்லையாக்கி, அதற்கு முன்னர் குடும்பத்துக்குரியது, பின்னர் வளர்ந்தவர்க்குரியது என்று பிரித்தார்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் ‘ஒஃப்கொம்’ என்னும் சுயாதீன அமைப்பு இதை மேற்பார்வை செய்கிறது. எந்தச் சொல் எவ்வளவு கடுமையாகப் படுகிறது என்று அது மக்களிடமே கேட்டு ஆய்வு நடத்துகிறது. அந்த ஆய்வுகளில் உடலைச் சொல்லும் வசையோடு இனத்தையும் ஊனத்தையும் இழிக்கும் சொற்களும் நிறுக்கப்படுகின்றன. கொம்புமுறி ஊர்கள் செய்ததற்கு நெருங்கியது இந்தப் பிந்திய முறை. நாங்களோ அவர்கள் விட்டுவிட்டுப் போன முந்திய முறையைப் பிடித்துக்கொண்டு, அதையே எங்கள் பண்பாடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நேரமும் இடமும் வகுக்காமல் ‘நல்ல ரசனை’ என்று மட்டும் சொல்லிவிட்டால், ரசனையைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு கதிரையில் போய் உட்கார்ந்துவிடும். இலங்கையில் தனியார் அலைவரிசைகளையும் அரச அலைவரிசைகளையும் ஒருசேரப் பார்க்கும் சுயாதீன ஒழுங்குமுறை அமைப்பு இன்றுவரை கிடையாது. 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் ஒன்று வந்தது. அந்த அதிகாரசபை அரசாங்கத்தின் பிடியிலிருந்து விடுபட்டதாக இல்லை என்பதால் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 இல் வெளிவந்த ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு வரைவும் அனுமதிப்பத்திரத்தைப் பறிக்கும் அதிகாரம் பற்றிய அச்சத்தையே கிளப்பியது. சினிமாவில் இந்த அதிகாரம் எப்படி நடந்துகொண்டது என்று பார்க்கலாம். பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ 2000 இல் தடுக்கப்பட்டது. 2001 இல் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அது திரைக்கு வர முடிந்தது. அதில் தூசணம் பிரச்சினையாக இருக்கவில்லை. மகனின் சடலம் என்று வந்த மூடிய பெட்டியை நம்ப மறுக்கும் ஒரு கண்பார்வையற்ற தகப்பனின் கதை அது. அசோக ஹந்தகமவின் ‘அக்ஷரய’ தணிக்கைச் சபையின் அனுமதி பெற்ற பிறகும் 2006 இல் மேலிடத்திலிருந்து நிறுத்தப்பட்டது. கெட்ட சொல்லை வெட்டவென்று ஒருவர் கையில் கத்தியைக் கொடுத்தால், அவர் தமக்குப் பிடிக்காத கதையை வெட்டவும் அதையே எடுப்பார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தக் கத்தி யார் பேச்சின் மேல் அதிகம் விழுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் தொழிலாளரும் கடலோடிகளும் பேசும் தமிழைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, மரபுவாதிகள் அதை ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்கினார்கள். அப்போது ‘தூய்மை’ என்று பேசப்பட்டதில் பாதி இலக்கணம், பாதி சாதி. அதே காலத்தில், மட்டக்களப்பில் நெடுநாள் ஆசிரியராக இருந்த எஸ்.பொன்னுத்துரை ‘தீ’ நாவலை வெளியிட்டபோது அவர்மேல் ஆபாச எழுத்தாளர் என்ற முத்திரை விழுந்தது. முற்போக்காளர்களோடும் மரபுவாதிகளோடும் ஒருசேர மோதியவர் அவர். இன்று ஈழத்து நாவல் வரலாற்றை எழுதுகிறவர் எவரும் ‘தீ’யைத் தாண்டிப் போக முடியாது. ஒளிபரப்பில் அந்தப் பழைய வழக்கு இன்னும் தீர்க்கப்படாமல் கிடக்கிறது. வெற்றிமாறனின் ‘வட சென்னை’ 2018 இல் ‘ஏ’ சான்றிதழோடு திரையரங்குக்கு வந்தபோது அதன் மாந்தர் தங்கள் தெருவின் மொழியில் பேசினார்கள். அத்தகைய படம் தொலைக்காட்சிக்கு வர வேண்டுமானால் வெட்டி மறுசான்றிதழ் பெற வேண்டும் என்பது இந்திய நடைமுறை. வசதி படைத்தவர் வீட்டுக் கதை அதிகம் வெட்டுப்படாமல் வந்து சேர்கிறது. அந்த வீட்டின் மாமியார் மருமகளைச் சுத்தத் தமிழில் எவ்வளவு கொடூரமாகப் பேசினாலும் அதற்கு ‘பீப்’ இல்லை. கடற்கரையிலும் சந்தையிலும் பேசுகிறவர் வாய் திறந்தால் மட்டும் ஒலி விழுகிறது.

காட்சியிலும் இதே கோணல் உண்டு. 2006 ஆம் ஆண்டின் புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபைச் சட்டத்துக்குப் பிறகு இலங்கைத் தொலைக்காட்சிகள் சிகரெட்டையும் மதுப் போத்தலையும் மங்கலாக்கிக் காட்டுகின்றன. புகையிலை விளம்பரத்தைத் தடுத்தது நல்ல சட்டம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒருவன் மனைவியைக் கன்னத்தில் அறையும் காட்சி முழுத் தெளிவாகத் தெரிய, அவன் மற்றக் கையிலிருக்கும் சிகரெட் மாத்திரம் மங்கித் தெரிந்தால், அந்தத் திரையைப் பார்த்து வளரும் பிள்ளை எது தவறென்று படிக்கும்? 2023 ஒக்டோபரில் ‘லியோ’ படத்தின் முன்னோட்டத்தில் விஜய் பேசிய ஒரு வசைச்சொல் பெரிய சர்ச்சையானது. பின்னர் அந்த ஒலியை நீக்கினார்கள். ஆளை ஆள் கொல்லும் அந்த முன்னோட்டத்தின் மற்றக் காட்சிகள் பற்றி அதில் ஒரு பங்கு பேச்சுக்கூட எழவில்லை. கறுப்பு நிறத்தையும் பருத்த உடலையும் திக்குவாயையும் திருநங்கைகளையும் வைத்துப் பண்ணிய பகிடிகள் பல பத்தாண்டுகளாகக் குடும்பப் படங்களில் ‘யு’ சான்றிதழோடு ஓடியிருக்கின்றன. இரட்டை அர்த்தப் பகிடியும் அப்படியே. பட்டியலில் உள்ள சொல் வாயில் வராதவரை எதுவும் போகலாம் என்ற விதி எழுத்தாளனுக்குக் கற்றுக்கொடுப்பது ஒளித்துப் பேசும் தந்திரத்தை மட்டும்தான்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். அவற்றுள் மிகக் கனமானது பெண்கள் எழுப்புவது. எங்கள் தூசணத்தில் பெரும்பகுதி தாயையும் சகோதரியையும் பெண்ணுறுப்பையும் குறித்தது. இரண்டு ஆண்கள் சண்டை பிடித்தாலும் அடி விழுவது அங்கே இல்லாத ஒரு பெண்ணின் மேல். அதைத் திரையில் அனுமதித்தால் அந்த அவமதிப்புக்குப் பொது அங்கீகாரம் கொடுப்பதாகாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குடித்துவிட்டு வந்து மனைவியை வதைக்கும் ஒருவனை நாடகம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் வாயிலிருந்து வரும் பேச்சைக் கழுவித் துடைத்துவிட்டால், அந்தப் பெண் தினமும் கேட்பது என்ன என்பது பார்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடும். அப்போது காக்கப்படுவது பெண்ணின் மானம் இல்லை, அவனுடைய மானம். மறுபுறம், கதாநாயகன் அதே சொல்லைச் சொல்லிக் கைதட்டு வாங்கும் படமும் உண்டு. அங்கே சொல்லை மூடினாலும் கைதட்டு நின்றுவிடாது, உதட்டசைவே போதும். அதற்கு எதிராக வேண்டியது விமர்சனம், எழுத்து, வகுப்பறைப் பேச்சு, அப்படிப்பட்ட படத்தைக் குழந்தைகள் நேரத்திலிருந்து அகற்றி வைக்கும் நேர விதி. சொல் யாருக்காகப் பேசப்படுகிறது என்று கேட்கும் விதி ஒன்றே பெண்களுக்கு உதவும். சொற்பட்டியல் அந்த வேலையைச் செய்யாது.

அடுத்தது பிள்ளைகள் பற்றியது. களத்துக்கு நாமாகப் போகிறோம், தொலைக்காட்சியோ கேளாமலே வீட்டுக்குள் வருகிறது என்பார்கள். நியாயமான பேச்சு இது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978 இல் இதே நியாயத்தைத்தான் ஏற்றது. நியூயோர்க்கின் ஒரு வானொலி 1973 ஒக்டோபரில் ஒரு பிற்பகல் நேரத்தில் ஜோர்ஜ் கார்லினின் வசைச்சொற்கள் நிறைந்த நகைச்சுவைப் பேச்சை ஒலிபரப்பியது. இளம் மகனோடு காரில் போகையில் அதைக் கேட்ட தகப்பன் ஒருவர் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிட்டார். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. ஆனால் அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி நேரமும் சூழலும்தான். அதன் வழியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை வேறு அளவுகோல் என்ற நடைமுறை அங்கே நிலைபெற்றது. பிள்ளைகளைக் காக்க நினைப்பவர்கள் கேட்க வேண்டியது இப்படியொரு நேரக் கோட்டை. எங்கள் நாட்டில் அப்படி உறுதியான கோடு இல்லாததால், பிற்பகல் 3 மணிக்கும் இரவு 11 மணிக்கும் ஒரே ‘பீப்’. அது பிற்பகலில் போதாது, இரவில் மிகை.

கைத்தொலைபேசி வந்த பிறகு நேரக் கோடு எதற்கு, எல்லாம் எந்நேரமும் கையில் இருக்கிறதே என்பது மூன்றாவது மறுப்பு. அந்த வாதம் உண்மையானால் ‘பீப்’புக்கும் அதே கதிதான். தொலைக்காட்சியில் மூடிய சொல்லை யூடியூபில் திறந்து கேட்க ஒரு நிமிடம் போதும். தடை கேட்பவரை வேறு வாசலுக்கு அனுப்பும் என்பதற்கு இலங்கை வானொலியின் வரலாறே சாட்சி. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஒதுக்கினார். இந்தியர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். ‘பினாக்கா கீத்மாலா’ வட இந்தியா முழுவதையும் இலங்கை வானொலிக்கு முன்னால் உட்கார வைத்தது. தமிழ்ச் சேவை தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் போனது. 1957 இல் ‘விவித் பாரதி’யைத் தொடங்கி டெல்லி தன் தடையிலிருந்து மெல்ல இறங்கி வந்தது. ஒரு நாட்டின் தடையால் இன்னொரு நாட்டு வானொலி வாழ்ந்த அந்தக் கதையை இலங்கைத் தமிழர் பெருமையாகச் சொல்கிறோம். அதிலிருந்து கற்க வேண்டியதைக் கற்றோமா என்பது வேறு. ஒளிபரப்பு நம்பத்தகுந்த தகவலைத் தந்தால், அதாவது இந்த நிகழ்ச்சியில் என்ன இருக்கிறது, எந்த வயதுக்கு ஏற்றது என்று நேர்மையாகச் சொன்னால், பெற்றோர் அதைக் கைத்தொலைபேசிக்கும் ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்வார்கள். இந்தியா 2021 இல் இணையத் தளங்களுக்கு 7, 13, 16, 18 என்று வயதுவகைகளைக் கொண்டுவந்தது. பின்னர் திரைப்படச் சான்றிதழிலும் அந்தப் பிரிவுகள் நுழைந்தன. அந்த வழியில் நாமும் போகலாம்.

மதங்கள் பற்றிய மறுப்பும் இந்த வாவிக்கரையில் புறக்கணிக்கக் கூடியதல்ல. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் ஊர்கள் இவை. காத்தான்குடியில் ஒரு குடும்பத்துக்கு ஒவ்வாதது கல்லடியில் ஒரு குடும்பத்துக்குச் சாதாரணமாக இருக்கலாம், மறுதலையும் உண்மை. ஒரு சமூகத்தை இன்னொன்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் பேச்சு இந்தப் பகுதியில் என்ன விளைவிக்கும் என்பதை நாங்கள் போர்க்காலத்திலும் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும் அனுபவித்திருக்கிறோம். அந்தத் தூண்டுதலை ஒளிபரப்பிலிருந்து அகற்றத்தான் சட்டத்தின் முழுப் பலமும் வேண்டும். அதற்கென்று இருக்கும் சட்டம் எங்கே போய் விழுந்தது என்று பாருங்கள். குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், பகைமையைத் தூண்டுவதைத் தடுக்க வந்தது. 2023 மே மாதம் மேடைச் சிரிப்புக் கலைஞர் நத்தாஷா எதிரிசூரிய அச்சட்டத்தின் கீழ் விமான நிலையத்தில் கைதாகி, ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். ஜூலை 5 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை வழங்கிய பிறகே வெளியே வந்தார். அவர் மேடையில் சொன்னது பலர் மனதைப் புண்படுத்தியிருக்கலாம்; அவரே மன்னிப்பும் கேட்டார். புண்படுவதும் ஆபத்துக்குள்ளாவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே சட்டத்தால் அடித்தால், உண்மையான தூண்டுதல் வரும் நாளில் அந்தச் சட்டத்துக்கு மரியாதை இருக்காது.

இதுபோன்ற ஒரு வேறுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 19 இல் தெளிவாகச் சொன்னது. ‘காலேஜ் ரொமான்ஸ்’ என்ற இணையத் தொடரில் இளைஞர்கள் பேசும் வசை ஆபாசக் குற்றமாகும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் முந்திய ஆண்டில் முடிவு செய்திருந்தது. சுற்றியிருப்பவர் அதிராமலிருக்கத் தமது அறையில் காதுக்கருவி மாட்டிக் கேட்க வேண்டியிருந்தது என்றும் அந்த நீதிபதி குறிப்பிட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. கொச்சையான சொல் அருவருப்பையும் அதிர்ச்சியையும் தரலாம், அதனாலேயே அது காமத்தைத் தூண்டும் ஆபாசமாகிவிடாது. சொல்லை அதன் சூழலில், படைப்பு முழுவதிலும் வைத்தே பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். கேரள உயர் நீதிமன்றமும் 2022 இல் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘சுருளி’ படத்துக்கு எதிரான மனுவை ஏற்க மறுத்தது. சட்டத்துக்கு அஞ்சி ஒளிந்து வாழும் ஒரு காட்டுக் கிராமத்தாரின் கதை அது; அவர்கள் பேசும் மொழி அந்தக் கதையின் பகுதி.

ஆகவே அடுத்த ஒலிபரப்புச் சட்ட வரைவு வரும்போது நாங்கள் கேட்க வேண்டியவை இவை. அமைச்சரின் கைக்கு எட்டாத, கிழக்கிலிருந்தும் பிரதிநிதிகள் அமரும் ஒரு சுயாதீன ஆணைக்குழு வேண்டும். இரவு 9 மணியோ 10 மணியோ, ஒரு நேரக் கோடு வேண்டும். நிகழ்ச்சி தொடங்குமுன் அதில் வன்முறையா, வசையா, பாலுறவுக் காட்சியா என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லும் அறிவிப்பு வேண்டும். கோட்டுக்குப் பின்னர் வளர்ந்தவர்க்கான படைப்பு வெட்டுப்படாமல் போக வேண்டும். சாதி, இனம், மதம், ஊனம், பால் ஆகியவற்றை வைத்து மனிதரை இழிக்கும் பேச்சு எந்த நேரத்தில் வந்தாலும் அதன்மேல் முறைப்பாடு விசாரிக்கப்பட்டு, தீர்ப்பு தமிழில் வெளியாக வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் முகத்தையும் வீட்டையும் செய்தியில் காட்டும் அலைவரிசைக்குத் தண்டம் வேண்டும்; எந்தத் தூசணத்தை விடவும் அது அந்தக் குடும்பத்தைக் கொல்லும். எந்தச் சொல் எவ்வளவு உறுத்துகிறது என்பதை வெலிக்கடையிலும் வெள்ளவத்தையிலும் மட்டும் கேட்டுத் தீர்மானிக்காமல் வாழைச்சேனையிலும் கொக்கட்டிச்சோலையிலும் தம்பிலுவிலிலும் கேட்க வேண்டும். இப்படியான வரைவுகள் மக்கள் கருத்துக்கு வரும் நாட்கள் குறைவு, கிழக்கிலிருந்து அவற்றுக்குப் போகும் கடிதங்கள் அதைவிடக் குறைவு. அடுத்த முறை வாசகசாலைகளும் கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் மாதர் சங்கங்களும் கூத்துக் கழகங்களும் தங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள்.